மெர்பாவும் ரப்பர் மரமும்: கோலாலம்பூர் பட்டறையில் செய்த இருநிறச் சாமி மேடை, ஒரு மதிப்பீடு

கடையில் ரெடிமேடாக வாங்கும் சாமி மேடைகளில் பல, பிளைவுட் அல்லது எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகைமேல் வினியர் என்னும் மெல்லிய மரத்தாள் ஒட்டித் தேக்கு நிறம் ஏற்றியவை. புதிதாக இருக்கும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். விளக்குக் கிண்ணத்தைச் சுற்றி எண்ணெய் ஊறி, கலசத்துத் தண்ணீர் ஓரமாக இறங்கி, விளிம்பு உப்பத் தொடங்கினால் அதைச் சரிசெய்ய வழியில்லை. வினியர் அரை மில்லிமீட்டர்தான். இரண்டு முறை உப்புத்தாள் போட்டால் அடியில் இருக்கும் மரத்தூள் பலகை எட்டிப் பார்க்கும். அதனால்தான் முழு மரத்தில், ஆர்டர் கொடுத்து, இரண்டு நிறம் சேர்த்துச் செய்கிறவர்கள் கோலாலம்பூரில் கூடிவருகிறார்கள்.

இங்கே மதிப்பிடுவது செகாம்புட் பக்கம் ஒரு சிறிய பட்டறை செய்த மேடை. அகலம் 4 அடி, ஆழம் 2 அடி, உயரம் 6 அடி. சட்டம், கால், நடுத்தட்டு, சாமி படங்கள் வைக்கும் இரண்டு படி எல்லாம் மெர்பாவ் என்னும் செம்பழுப்புக் கன மரம். கதவின் உட்பலகை, பக்கப் பலகை, முதுகுப் பலகை, லாச்சிகளின் (இழுப்பறைகளின்) பக்கங்கள் வெளிர்நிற ரப்பர் மரம். நல்லதோடு குறையையும் சேர்த்துச் சொல்வதால் பட்டறையின் பெயர் இங்கே இல்லை. நீங்கள் எந்தப் பட்டறையிடம் கொடுத்தாலும் இதே இடங்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மூட்டு வேலை உயர்ந்த தரம். மரத் தேர்வு சரி. நடுத்தட்டில் பதித்த வெள்ளைக் கோடும் கீழ்க் கதவு ஒன்றின் உட்பலகையும் தவறு. பூச்சு வேலை, சில இடங்களில் அவசரம் தெரிந்தாலும், நன்று. ஒரே அளவு பிளைவுட் மேடையைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விலை. அந்த விலைக்கு இந்த மேடை தகும்.

இந்த இரண்டு மரமும் ஏன் ஒத்துப்போகின்றன என்பதை முதலில் பார்ப்போம். நிறம் எதிரெதிராக இருந்தால் போதும் என்று நினைத்து, கையில் கிடைத்த இரண்டு மரத்தைச் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. நிறத்தைவிட முக்கியம் மரம் எவ்வளவு அசைகிறது என்பது. மழைக்காலத்தில் எல்லா மரமும் ஈரம் குடித்து அகலத்தில் விரியும், ஏர்கோன் அறையில் சுருங்கும், நீளத்தில் மட்டும் அநேகமாக அசையாது. ஒன்று அதிகம் சுருங்கி மற்றது சுருங்காவிட்டால், ஒட்டிய கோடு முதலில் மேடு தட்டும், பிறகு பிளக்கும். மெர்பாவும் ரப்பர் மரமும் இரண்டுமே சுருக்கம் குறைந்தவை. மலேசிய மரங்களில் இருநிற வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி, இந்த விலையில், வேறு இல்லை என்பது எங்கள் கருத்து.

மெர்பாவ் 2019-இல் மலேசியாவின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது. கதவு நிலைக்கும் மாடிப்படிக்கும் போடுகிற மரம். அறுத்த புதிதில் மஞ்சள் கலந்த பழுப்பு, வெளிச்சம் படப்படச் செம்பழுப்பு. ரப்பர் மரத்தைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பால் குறைந்து, 25, 30 வருடத்தில் வெட்டப்படும் அதே பால்மரம்தான். உலர்ந்தபின் ஒரு கன மீட்டர் 560 முதல் 640 கிலோ எடை, வெண்ணிற இழை, உளிக்கு நன்றாக இடம் கொடுக்கும். மலிவு மரம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஜொகூரின் மரச்சாமான் ஊரான மூவாரிலிருந்து உலகத்துக்கெல்லாம் ஏற்றுமதியாகும் மேசை நாற்காலிகளில் பெரும்பங்கு இந்த மரம்தான். பதம் சரியாக இருந்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மற்ற ஜோடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை நிறத்துக்கு ஜெலுத்தோங் போடலாம் என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. அது செதுக்கு வேலைக்கான மரம், நகம் பட்டாலே பள்ளம் விழும். கதவுப் பலகைக்கு வேண்டாம். கெருயிங் விலை குறைவு, ஆனால் பிசின் கசியும். விளக்குச் சூடு படும் இடத்தில் அது பூச்சைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கெம்பாஸ் வலுவானது, கனமும் அதிகம். ஆணி, ஸ்குரூ பட்ட இடத்தில் உலோகத்தை அரிக்கும் குணம் அதற்கு உண்டு. நியாதோ அழகு, வேலைக்கும் இணக்கம். ஆனால் அதன் இளஞ்சிவப்பு மெர்பாவுக்கு அருகில் வைத்தால் மாறுபாடு போதாது, இரண்டும் ஒரே குடும்பம் போலத் தெரியும். தேக்கில்தான் வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் தேக்கும் ரப்பர் மரமும் சேரும். அப்போது ஒட்டுவதற்கு முன் தேக்கின் முகத்தை அசிட்டோன் போட்டுத் துடைத்து, எண்ணெய்ப்பசை மறுபடி மேலே வருவதற்குள் பசை போட வேண்டும்.

எந்த நிறம் எங்கே என்பதில்தான் இந்தப் பட்டறை நன்றாக யோசித்திருக்கிறது. கை படும் இடத்தில் கருமரம், கண் மட்டும் படும் இடத்தில் வெண்மரம். விளக்கு, எண்ணெய், சந்தனம், குங்குமம், பூவிலிருந்து வடியும் தண்ணீர் எல்லாம் விழுவது படுக்கையாக இருக்கும் தட்டுகளில். அவை எல்லாம் மெர்பாவ். நின்றுகொண்டிருக்கும் பலகைகள் மட்டும் ரப்பர் மரம். மாற்றிப் போட்டிருந்தால் மஞ்சளும் குங்குமமும் வெள்ளை இழைக்குள் இறங்கிவிடும். மஞ்சள் கறை வெயிலில் வெளுக்கும், குங்குமச் சாயம் அப்படிப் போகாது. வேறு சில பட்டறைகளில் படத்துக்காக வெள்ளை மேல்தட்டு வைத்த மேடைகளைப் பார்க்க முடிகிறது. ஒரு நவராத்திரி முடிவதற்குள் அது எப்படி ஆகும் என்று செய்தவரும் யோசிக்கவில்லை, கேட்டவரும் யோசிக்கவில்லை.

கால்களும் மெர்பாவ் என்பதற்கு வேறு காரணம் உண்டு. ரப்பர் மரத்தைக் கரையான் விரும்பித் தின்னும். அறுத்த உடனே அழுத்தத்தில் போரேட் மருந்து ஏற்றிய பலகையைப் பொடிப்பூச்சி தொடாது. ஆனால் அந்த மருந்து தண்ணீரில் கரையும். தரையைத் துடைக்கும் ஈரம் நாள்தோறும் படும் இடத்தில் ரப்பர் மரம் இருக்கக்கூடாது. இந்த மேடையில் அடிப்பெட்டி தரையிலிருந்து 100 மி.மீ. தூக்கி நிற்கிறது.

ரப்பர் மரப் பலகையைப் பட்டறையிலேயே பாருங்கள். வெட்டு முனையில் நீலச் சாம்பல் கீற்று இருந்தால், அறுத்தபின் மருந்து ஏற்றத் தாமதமாகிப் பூஞ்சை பிடித்தது என்று பொருள். வலு குறையாது, ஆனால் தெளிந்த பூச்சின் கீழ் அந்தக் கீற்று அழுக்காகவே தெரியும். ஊசித் துளையும் அதன் வாயில் மாவு போன்ற தூளும் இருந்தால் அந்தப் பலகையைத் தொடவே வேண்டாம். இன்னொன்று: ரப்பர் மரத்தில் நீளக் கட்டை குறைவு. அதனால் சிறு துண்டுகளைப் பல்பல்லாக வெட்டி முனையோடு முனை கோத்த பலகைதான் கடையில் அதிகம். அந்தப் பல் வரிசை கதவின் நடுவில் வந்தால் கண்ணை உறுத்தும். இந்தப் பட்டறை முழுநீளக் கட்டைகளைப் பக்கவாட்டில் மட்டும் ஒட்டிய பலகை போட்டிருக்கிறது. கதவு உயரம் 2 அடிக்குள் என்பதால் இது எளிது. ஆனால் நீங்கள் கேட்டு, ஆர்டரில் எழுதி வாங்கினால்தான் கிடைக்கும்.

இனி ஈரப்பதம். ஆர்டர் மரச்சாமானில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கின்றன. கோலாலம்பூர் மரக்கடைகளில் கிடைக்கும் மெர்பாவ் பெரும்பாலும் கட்டட வேலைக்கு, கதவு நிலைக்கு என்று அறுத்தது. சூளையில் உலர்த்தாமல் காற்றில் மட்டும் காய்ந்தது. வெளியில் அடுக்கி வைத்த மரம் நம் ஊர்க் காற்றில் 15, 16 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது சிரமம். ஏர்கோன் ஓடும் கோண்டோவுக்குள் அதே மரம் 11, 12 சதவீதத்துக்கு இறங்கும். அந்த நான்கு சதவீதம்தான் கதவைக் கோணலாக்குகிறது, மூட்டைத் திறக்கிறது. “அதெல்லாம் காஞ்ச மரம்தான் அண்ணே” என்று பட்டறையில் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கதவு நிலைக்கு அது காய்ந்த மரம்தான், மேடைக்குக் காயவில்லை.

பட்டறையில் ஈரப்பத மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஊசி குத்திப் பார்க்கும் வகை என்றால் மரவகைக்கு ஏற்பத் திருத்தம் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மெர்பாவ் போன்ற கன மரத்தில் அளவு தவறாக வரும். பலகையின் முனையில் குத்தாதீர்கள், முனை எப்போதும் முந்திக் காய்ந்துவிடும். முனையிலிருந்து ஒரு முழம் தள்ளி, முடிந்தால் புதிதாக அறுத்த முகத்தில் குத்துங்கள். இரண்டு மரமும் 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் 2 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. இந்த மேடைக்கான மெர்பாவ் சூளையில் உலர்த்தியது. அளவு 11-ஐ ஒட்டி இருந்தது. அதற்காகப் பட்டறை கூடுதலாக வாங்கிய காசு நியாயமானது.

குடிபுகும் நாள் குறித்துவிட்டு, தீபாவளிக்கு முன் வேண்டும் என்று அவசரப்படுத்தும்போது முதலில் பலியாவது இந்த உலர்த்தும் நேரம்தான். பட்டறைக்காரர் நாள் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

மூட்டுகளுக்கு வருவோம். சட்டம் முழுவதும் ஒரு கட்டையின் முனையை நாக்காகச் சீவி, மற்றக் கட்டையில் துளையிட்டு இறக்கிய வேலை. 45 மி.மீ. சட்டத்தில் நாக்கு 15 மி.மீ. கனம், 30 மி.மீ. ஆழம். மூன்றில் ஒரு பங்கு கனம் என்ற பழைய ஆசாரிக் கணக்கு அப்படியே இருக்கிறது. லாச்சியின் முகம் மெர்பாவ், பக்கம் ரப்பர் மரம், இரண்டும் டவ்டெயிலில் (புறா வால் போல விரியும் பல் மூட்டில்) கோத்திருக்கின்றன. லாச்சியை இழுத்துப் பக்கவாட்டில் பார்த்தால் கருப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பல் பிடித்து நிற்பது இந்த மேடையின் மிக நல்ல இடம். ஒரே நிற மரத்தில் கால் மில்லிமீட்டர் இடைவெளியை மறைத்துவிடலாம். இங்கே மறைக்க முடியாது. ஆறு மூலைகளில் ஒன்றில் மட்டும் மிக மெல்லிய இடுக்கு, அதையும் மெர்பாவ்த் தூளைப் பசையில் குழைத்து அடைத்திருக்கிறார்கள். கருந்தூளால் அடைத்தது சரி. வெள்ளைத் தூளால் அடைத்திருந்தால் பூச்சு பட்டதும் தனியாகத் தெரிந்திருக்கும்.

பசை விஷயத்தில் கவனிக்க ஒன்று உண்டு. தண்ணீர் தாங்கும் டைட்பாண்ட் 3 என்னும் மரப்பசை உலர்ந்தபின் வெளிர்ப்பழுப்பாக நிற்கும். மெர்பாவ் மூட்டுக்கு நல்லது. வெள்ளையோடு வெள்ளை ஒட்டும் இடத்தில் அது பென்சில் கோடு போலத் தெரியும். அங்கே டைட்பாண்ட் 2 அல்லது நல்ல வெள்ளைப் பசை போதும். நம் ஊர் வெக்கையில் பசை போட்டபின் கிளாம்ப் இறுக்க 10 நிமிடம்கூடக் கிடைக்காது. பெரிய பலகையை ஒரே மூச்சில் ஒட்டாமல் இரண்டு இரண்டாக ஒட்டுகிற பட்டறையை நம்பலாம். மெர்பாவ் முகத்தை இழைத்த அன்றே ஒட்ட வேண்டும். ஒரு வாரம் கிடந்த முகத்தில் பசை சரியாகப் பிடிக்காது.

இனி அந்த வெள்ளைக் கோடு. நடுத்தட்டின் விளிம்பிலிருந்து 40 மி.மீ. உள்ளே, நான்கு பக்கமும் சுற்றி, 6 மி.மீ. அகலம், 4 மி.மீ. ஆழத்தில் ரப்பர் மரக் கோடு பதித்திருக்கிறார்கள். முன்னும் பின்னும் ஓடும் நீளக் கோடுகளில் குறையில்லை. அங்கே தட்டின் ரேகையும் (மர இழை ஓடும் போக்கும்) கோட்டின் ரேகையும் ஒரே திசை. இரண்டு பக்கத்துக் குட்டைக் கோடுகள் தட்டின் ரேகையைக் குறுக்கே வெட்டிப் போகின்றன. தட்டு 600 மி.மீ. அகலம். நான்கு சதவீத ஈர மாற்றத்துக்குப் பொதுவான மரம் 5 மி.மீ. வரை அசையும். மெர்பாவ் குறைவாக அசையும் மரம், 2 அல்லது 3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். குட்டைக் கோடு தன் நீளத்தில் அசையவே அசையாது. ஆகவே தட்டு விரியும்போது மூலை வாய் திறக்கும், சுருங்கும்போது கோடு மேலே எழும்பும். இந்த மேடையில் இடது முன்மூலையில், 45 பாகையில் வெட்டிச் சேர்த்த இடத்தில், நகம் நுழையும் அளவுக்கு இடுக்கு விட்டிருக்கிறது. அதற்குள் எண்ணெய் இறங்கிக் கறுத்த புள்ளி விழுந்துவிட்டது. மெர்பாவ் அசைவு குறைந்தது என்பதால்தான் இவ்வளவோடு நின்றது. வேறு மரமாக இருந்தால் கோடு பெயர்ந்தே வந்திருக்கும்.

சரியான வழி இரண்டு. நீளவாக்கில் மட்டும் கோடு போட்டு முனைவரை ஓடவிடுவது ஒன்று. நான்கு பக்கமும் வேண்டும் என்றால், குட்டைக் கோட்டை நீளக் குச்சியாகப் போடாமல், ரேகை தட்டோடு ஒத்துப்போகும்படி சிறு சிறு துண்டாக அறுத்து வரிசையாகப் பதிப்பது மற்றது. அது வேலை அதிகம், கூலியும் அதிகம். வரைபடம் போட்டுக் கொடுக்கும்போதே இதைப் பேசிவிடுங்கள். கணினியில் பார்க்க நான்கு பக்கக் கோடு அழகாகத்தான் இருக்கும்.

கதவுப் பலகையிலும் இதே அசைவுதான் பிரச்சினை. மெர்பாவ்ச் சட்டத்தின் உட்பக்கம் 10 மி.மீ. ஆழக் காடி (நீளப் பள்ளம்), அதற்குள் ரப்பர் மரப் பலகை. பலகை காடிக்குள் ஒட்டாமல், பக்கத்துக்கு 3 மி.மீ. இடம் விட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மேலும் கீழும் நடுவில் ஒரே ஓர் ஆணி அல்லது ஒரு பொட்டுப் பசை, அவ்வளவுதான். நான்கு கதவுகளில் மூன்று இப்படியே இருக்கின்றன. நான்காவதில் சட்டத்தை ஒட்டும்போது வழிந்த பசை காடிக்குள் இறங்கிப் பலகையைக் கவ்விக்கொண்டது. கண்டுபிடிப்பது எளிது. உள்ளங்கையைப் பலகையில் வைத்துப் பக்கவாட்டில் அழுத்தினால் மற்ற மூன்றும் நூலளவு நகர்கின்றன, இது நகரவில்லை. இப்போதைக்கு வெடிப்பு இல்லை. ஏர்கோன் ஓடும் அறை என்றால் நடுவில் பிளக்க வாய்ப்பு அதிகம். பட்டறையிடம் காட்டியதும் மறுபேச்சில்லாமல் அந்தக் கதவை மாற்றித் தர ஒத்துக்கொண்டார்கள். பாராட்ட வேண்டிய நடத்தை. பசை வழியும் இடத்தில் முன்கூட்டி மெழுகு தடவியிருந்தால் மாற்றும் வேலையே வந்திருக்காது.

கதவில் அவர்கள் செய்த சரியான காரியம் ஒன்றையும் சொல்ல வேண்டும். உட்பலகையைச் சட்டத்தில் பூட்டுவதற்கு முன்பே பூச்சு கொடுத்துவிட்டார்கள். பூட்டியபின் பூசினால், பலகை சுருங்கும்போது காடிக்குள் மறைந்திருந்த பூச்சில்லாத விளிம்பு வெளியே வந்து கோடாகத் தெரியும்.

இருநிற வேலையில் பட்டறைகள் அதிகம் சறுக்குவது உப்புத்தாள் போடும் கட்டத்தில். மெர்பாவ்த் தூள் செம்பழுப்பு. அது ரப்பர் மரத்தின் நுண்துளைக்குள் இறங்கினால் வெள்ளை மரம் ரோஜா நிறமாகும். மெஷின் போட்டுக் குறுக்கும் நெடுக்கும் தேய்த்தால் நிச்சயம் இறங்கும். தூளை உறிஞ்சும் குழாய் பூட்டிய மெஷின், கருமரத்திலிருந்து வெண்மரத்துக்குப் போகாமல் வெண்மரத்திலிருந்து கருமரம் நோக்கித் தேய்ப்பது, கடைசிக் கையாகக் கோட்டை ஒட்டி ரேகைத் திசையில் தகட்டுச் சீவி (மெல்லிய எஃகுத் தகடு) போடுவது, பிறகு காற்றடித்து ஊதுவது: இவ்வளவும் வேண்டும். ஈரத்துணி கூடவே கூடாது. மெர்பாவின் சாயம் தண்ணீரில் கரையும், ஒரு துடைப்பிலேயே வெள்ளை மரம் பழுப்பேறிவிடும். இந்த மேடையின் கீழ்க் கதவுகளில் சட்டத்தை ஒட்டி 3, 4 மி.மீ. அகலத்துக்கு மெல்லிய சிவப்பு மங்கல் இருக்கிறது. எதிர் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். மேல்கதவுகளில் அது இல்லை. முதலில் மேலே கவனமாகச் செய்து, கீழே வரும்போது விரைந்திருக்கிறார்கள்.

இரண்டு மரத்தின் கடினம் வேறு என்பதால் மென்மையான தாள்மெத்தை போட்ட மெஷின் ரப்பர் மரத்தை அதிகம் தின்று, மெர்பாவை மேடாக விட்டுவிடும். கெட்டியான மெத்தைதான் போட வேண்டும். 120, 150, 180, 240 என்று எண் தாண்டாமல் ஏறுவது முறை. கோட்டின் குறுக்கே விரலை ஓட்டிப் பாருங்கள். கண் காணாத மேட்டை விரல் காட்டிக்கொடுக்கும்.

மெர்பாவின் துளை பெரியது. வழவழப்பான முகம் வேண்டும் என்றால் பூச்சுக்கு முன் துளை அடைக்கும் மாவு போட வேண்டும். அந்தப் பழுப்பு மாவு ரப்பர் மரத்தில் பட்டால் போகாது. ஆகவே பாகங்களைச் சேர்ப்பதற்கு முன் போட வேண்டும், அல்லது வெள்ளைப் பகுதிக்கு டேப் ஒட்ட வேண்டும். இந்தப் பட்டறை துளையை அடைக்கவில்லை, திறந்த துளையாகவே விட்டிருக்கிறது. நம் வெளிச்சத்தில் மரம் மரமாகவே தெரிவதால் இதுதான் எங்களுக்குப் பிடித்தது. மெர்பாவின் துளைகளுக்குள் இயற்கையாகவே மஞ்சள் துகள்கள் இருக்கும். தெளிந்த பூச்சின் கீழ் அவை பொன் கீற்றாக மின்னுகின்றன. குறை என்று நினைத்துவிடாதீர்கள், மெர்பாவை அடையாளம் காட்டுவதே அதுதான். சந்தேகம் இருந்தால் ஒரு சீவலைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டு வையுங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தேயிலை நிறமாகும்.

பூச்சு இரண்டு பாகம் கலந்த பி.யூ. (பாலியுரித்தேன்), பளபளப்பு இல்லாத வகை. முதல் சீலர் (அடிப்பூச்சு) கோட்டுகள் இரண்டையும் தூரிகை போடாமல் ஸ்ப்ரே கன்னில் பனி போல மெல்லியதாக அடித்திருக்கிறார்கள். இருநிற வேலைக்கு இதுதான் சரி. தூரிகை கருமரச் சாயத்தை இழுத்து வெண்மரத்தில் பூசிவிடும். தண்ணீர் கலந்த பூச்சு இன்னும் மோசம். சில பட்டறைகள் இன்னமும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடிக்கின்றன. சீக்கிரம் காயும், விலையும் குறைவு. ஆனால் மாலை மழைக்கு முன்னால் காற்றில் ஈரம் ஏறிய நேரத்தில் அடித்தால் வெண்படலம் பூக்கும். மெர்பாவ் போன்ற கருமரத்தில் அது பளிச்சென்று தெரியும். சூட்டையும் லாக்கர் தாங்காது. விளக்கு எரியும் மேடைக்கு அது வேண்டாம். பி.யூ. முழுதாக இறுகக் குறைந்தது ஒரு வாரம் ஆகும். வாசனை அடங்கும்வரை விளக்கேற்றாமல் இருங்கள்.

நிறம் மாறும் என்பதை வாங்குகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை. மெர்பாவ் சில மாதங்களில் கறுக்கும், ரப்பர் மரம் லேசாக மஞ்சளாகும். கொண்டுவந்த அன்று பார்த்த மாறுபாடு அப்படியே இருக்காது, மெர்பாவ் பக்கம் கூடும். ஆர்டர் கொடுக்கும் முன் இரண்டு மரமும் ஒட்டிய, அதே பூச்சு போட்ட, ஓர் அடி மாதிரித் துண்டு கேளுங்கள். பாதியை அலுமினியத் தாளால் மூடி, ஒரு மாதம் ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். இரண்டு பாதியையும் ஒப்பிட்டால் உங்கள் மேடை பிறகு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும்.

விளக்கு வைக்கும் இடத்தில் 20 மி.மீ. கிரானைட் கல் ஒன்றைத் தட்டுக்குள் இறக்கியிருக்கிறார்கள். சுற்றிலும் 3 மி.மீ. இடம் விட்டு, அடியில் நான்கு பொட்டு சிலிக்கோன் மட்டும் வைத்திருக்கிறார்கள். கல் அசையாது, மரம் அசையும். இடம் விடாமல் இறுக்கிப் பதித்தால் தட்டுதான் வெடிக்கும். சுடருக்கும் மேல்கூரைப் பலகைக்கும் இடையே இந்த மேடையில் 2 அடிக்குச் சற்று அதிகம் இருக்கிறது. அதற்குக் குறைவாக வந்தால் கூரையின் அடியில் பித்தளை அல்லது எவர்சில்வர் தகட்டைப் பலகையோடு ஒட்டாமல், 10 மி.மீ. காற்று இடைவெளி விட்டுத் தொங்கவிடச் சொல்லுங்கள். கற்பூரம் தீபாராதனைத் தட்டில்தான் எரிய வேண்டும், மரத்தட்டின் மேல் மட்டுமல்ல, கல்லின் மேலும் வேண்டாம்.

கீல், கைப்பிடி, மணி மாட்டும் கொக்கி எல்லாம் பித்தளை. மெர்பாவில் இரும்பு ஸ்குரூ பட்டு ஈரமும் சேர்ந்தால் அதைச் சுற்றிக் கருநீலக் கறை பரவும். பித்தளை அல்லது 304 எவர்சில்வர் ஸ்குரூதான் வேண்டும். பித்தளை ஸ்குரூ மென்மையானது. நேராக மெர்பாவில் திருகினால் தலை முறிந்துவிடும். 4 மி.மீ. ஸ்குரூவுக்கு 3 மி.மீ. துளை போட்டு, முதலில் அதே அளவு இரும்பு ஸ்குரூவை இறக்கி எடுத்து, பிறகு பித்தளையை மெழுகு தடவித் திருகுவது வழக்கம். முதுகுப் பக்கம் இரண்டு இரும்பு ஸ்குரூ மறந்துபோய் நின்றிருந்தன. கறை விழுவதற்கு முன் மாற்றியாயிற்று. விழுந்துவிட்டால் ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் தடவினால் கறை போகும். ஆனால் அந்த இடத்துப் பூச்சை முதலில் எடுக்க வேண்டியிருக்கும்.

விலை பேசும்போது மொத்தத் தொகையை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். மரம், கூலி, பூச்சு, பித்தளைச் சாமான், ஏற்றி இறக்கும் செலவு என்று பிரித்துக் கேளுங்கள். மரக்கணக்கை நீங்களே சரிபார்க்கலாம். மலேசியாவில் அறுத்த மரத்துக்கு ஒரு டன் என்பது 50 கன அடி. இந்த மேடைக்கு 2×2 அங்குலச் சட்டம் சுமார் 60 அடி, 1×3 அங்குலக் கதவுச் சட்டம் 40 அடி, ஒன்றே கால் அங்குலத்தில் 2×4 அடி நடுத்தட்டு, 1 அங்குலத்தில் 10 அங்குல அகலப் படி இரண்டு. கூட்டினால் 3.9 கன அடி. இழைப்பு, முனை வெட்டு, வெள்ளைச் சதைப் பகுதி கழிவு எல்லாவற்றுக்கும் 30 சதவீதம் சேர்த்தால் 5 கன அடி, அதாவது ஒரு டன்னில் பத்தில் ஒரு பங்கு. அன்றைய மெர்பாவ் டன் விலையைக் கடையில் கேட்டுப் பத்தால் வகுத்தால் மரத்துக்கு எவ்வளவு என்று தெரியும். சூளை உலர்த்தலுக்குத் தனிக்காசு. மீதி கைவேலை. வைரம் பாய்ந்த பகுதி மட்டும்தான் வேண்டும் என்று ஆர்டரில் எழுதுங்கள். மெர்பாவின் வெளிச்சதை வெளிர்மஞ்சள், பூச்சியும் பிடிக்கும். அது சட்டத்தின் ஒரு ஓரத்தில் வந்தால் இருநிறம் மூன்று நிறமாகிவிடும்.

முன்பணமாகப் பாதி கொடுப்பது வழக்கம். பத்தில் ஒரு பங்கையாவது மேடை வீட்டுக்கு வந்து, கதவு லாச்சி எல்லாம் திறந்து மூடிப் பார்த்தபின் கொடுக்கும்படி பேசிக்கொள்ளுங்கள். நான்காவது கதவு விஷயம் சுமுகமாக முடிந்ததற்கு அந்த நிலுவையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

அடிப்பெட்டி, நடுத்தட்டு, மேல்மாடம் என்று மூன்று பாகமாகச் செய்து, மரமுளைகளில் உட்கார வைத்திருப்பதால் அடுக்குமாடி லிஃப்டில் ஏற்ற முடிந்தது. லிஃப்டின் உள்ளளவோடு கதவு அகலத்தையும் எடுத்துப் பட்டறைக்குக் கொடுங்கள், கதவுதான் குறுகல். இறக்கும்போது கால்களின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். இந்த மேடையில் அங்கே பூச்சே இல்லை. வெள்ளை டைல்ஸில் ஈரத் துடைப்பம் படும்போது பூசாத மெர்பாவ் முனையிலிருந்து சாயம் இறங்கிப் பழுப்பு வளையம் விழும். அதே பி.யூ.வில் மூன்று கோட், பிறகு நைலான் குமிழ் அடித்தால் போதும். பட்டறையிலேயே செய்தால் கால் மணி நேர வேலை. வீட்டுக்கு வந்தபின் செய்ய மேடையையே கழற்ற வேண்டும்.

கடைசியாக வாங்கி வர வேண்டியவை: இரண்டு மரத்திலும் மிஞ்சிய ஓரடித் துண்டு ஒவ்வொன்று, பி.யூ. பிராண்டும் பளபளப்பு எண்ணும் எழுதிய சீட்டு, மேல்கதவுச் சாவி இரண்டு. பிறகு ஏதாவது ஒட்டுப்போட வேண்டி வந்தால் அதே மரத்தின் துண்டு கையில் இருப்பது பெரிய வசதி.